பழைய ஸ்டூடியோ சாமான்களின் பிளகின் நகல்கள்: காதில் கேட்கும் கோளாறிலிருந்து காரணத்துக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கம், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அவுட்பில்டிங்கில்தான் என் பதிவு அறை. ஒரு மடிக்கணினி, மைக்கை அதோடு இணைக்கும் இரண்டு சேனல் இன்டர்ஃபேஸ், மூன்று மைக். வருகிறவர்கள் பெரும்பாலும் கோயில் பஜனைக் குழுக்கள். தைப்பூசக் காவடிக்கு ஒரு தொகுப்பு, ஆடிக் கூழுக்கு இரண்டு பாட்டு, ஈஸ்டரில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு முன்னால் ஏதாவது ஒன்று என்று வருடம் ஓடிவிடும். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் ஸ்ருதி ஒரு மயிரிழை விலகினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "பழைய ரெக்கார்டு மாதிரி இருக்கணும் தம்பி." அந்தப் பழைய ஒலியைத் தந்த சாமான்களில் ஒன்றைக்கூட நான் நேரில் தொட்டதில்லை. உரத்த இடங்களை அமுக்கிக் கொடுக்கும் ஃபேர்சைல்ட் 670 கம்ப்ரசரில் 20 வால்வுகள். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். இஎம்டி 140 என்ற 1957ஆம் வருடத்து எதிரொலித் தகடு கிட்டத்தட்ட 270 கிலோ. இவை எல்லாமே இன்று பிளகின் என்ற சிறு மென்பொருள்களாக, வெறும் படங்களாக, என் மடிக்கணினியில் உட்கார்ந்திருக்கின்றன. நகல் எடுத்தவர்கள் ஒலியை மட்டும் நகலெடுக்கவில்லை. அந்தப் பெட்டிகளின் குணம், வீம்பு, பசி எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்திருக்கிறார்கள். அசலுக்கு என்ன தீனி வேண்டுமோ அதே தீனி நகலுக்கும் வேண்டும். எனக்கு வந்த கோளாறுகளில் பாதிக்கு மேல் அதை மறந்ததால் வந்தவை.

கீழே உங்கள் காதில் கேட்பதற்குப் பொருத்தமான தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் இரண்டே சோதனை. முதலாவது, எல்லாப் பிளகினையும் பைபாஸ் செய்து, அதாவது வேலை செய்யாமல் ஒதுக்கி வைத்து, கேளுங்கள். குறை அப்போதும் இருந்தால் அது பதிவிலேயே இருக்கிறது; இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது, மைக்கையும் அறையையும் பாருங்கள். இரண்டாவது, பிளகின் போட்டபின் வரும் சத்தமும் போடாதபோது வரும் சத்தமும் ஒரே அளவாக இருக்கும்படி அதன் அவுட்புட்டைக் குறையுங்கள். ஒரு டெசிபல் கூடினாலே காது அதை "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிடும். நானே ஒரு வருடம் முழுக்க ஒரு டேப் பிளகினை, அதாவது பழைய ஒலிநாடா இயந்திரத்தின் நகலை, புகழ்ந்துகொண்டிருந்தேன். அது செய்த ஒரே நல்ல காரியம் சத்தத்தை ஒன்றரை டெசிபல் ஏற்றியது.

பிளகினைப் போட்டேன், ஒன்றுமே மாறவில்லை. அல்லது, போட்டவுடன் கரகரவென்று உடைகிறது

இரண்டும் எதிரெதிர் குறை போலத் தெரியும். காரணம் ஒன்றே: உள்ளே போகும் அளவு தப்பு.

பழைய ஸ்டூடியோவில் எல்லாப் பெட்டிகளும் ஓர் அளவை நடுப்புள்ளியாக வைத்துச் செய்யப்பட்டவை. சத்தத்தின் சராசரி அளவைக் காட்டும் வி.யு. மீட்டரின் முள் பூஜ்யத்தில் நின்றால் கம்பியில் +4 டிபியு, அதாவது 1.228 வோல்ட் ஓடுகிறது என்று அர்த்தம். அதைச் சுற்றித்தான் வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் டேப்பும் இதமாகக் கனியும். கணினிக்குள் வோல்ட் கிடையாது, எண்கள்தான். 0 டிபிஎஃப்எஸ் என்பது கூரை, அதற்கு மேல் இடமில்லை. அந்தக் கூரைக்கு எவ்வளவு கீழே பழைய பூஜ்யத்தை வைப்பது என்பதைப் பிளகின் செய்தவர்களே முடிவு செய்கிறார்கள். பெரும்பாலானவர்கள் −18 டிபிஎஃப்எஸ் என்று வைக்கிறார்கள். −20, −14 என்று வைப்பவர்களும் உண்டு. கையேட்டில் "கேலிப்ரேஷன்" என்ற சொல்லைத் தேடினால் கிடைத்துவிடும். சிலவற்றில் நாமே மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது நம் பழக்கத்தைப் பாருங்கள். பதிவு செய்யும்போது பச்சைக் கம்பம் மேலே முட்டும்வரை ஏற்றி வைப்போம். சராசரி −8, −10 என்று போகும். பிளகின் கண்ணுக்கு அது பழைய பெட்டியில் முள் பூஜ்யத்தைத் தாண்டி எட்டு, பத்து டெசிபல் சிவப்பில் கிடப்பது. உடையாமல் என்ன செய்யும்? மாறாக, மைக்கிலிருந்து தள்ளி உட்கார்ந்து மெதுவாகப் பாடும் ஆயாவின் குரல் −35இல் வந்தால், பிளகினுக்கு யாரோ பக்கத்து வீட்டில் பேசுவது போல. அது விழித்துக்கொள்ளவே இல்லை.

வழி: நகல் பிளகினுக்கு முன்னால் சத்தத்தை ஏற்றி இறக்க மட்டும் செய்யும் வெறும் கெயின் பிளகின் ஒன்றைப் போடுங்கள். அதற்குப் பின் ஒரு வி.யு. மீட்டர் பிளகின், இலவசமாகவே கிடைக்கிறது. மீட்டரின் பூஜ்யத்தை −18 என்று வையுங்கள். பாட்டின் பலமான இடத்தில் முள் பூஜ்யத்தைச் சுற்றி ஆடும்படி கெயினைச் சரிசெய்யுங்கள். அப்புறம்தான் நகல் பிளகினைத் திறக்க வேண்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. குரல், ஹார்மோனியம், நாகஸ்வரம் போல நீண்டு ஒலிப்பவற்றுக்கு இந்தக் கணக்குச் சரி. தவிலுக்குச் சரியில்லை. வி.யு. முள் முழு அளவுக்கு ஏற 300 மில்லிவினாடி எடுக்கும். தவிலின் அடி அதற்குள் வந்து போய்விடும். முள் பூஜ்யத்தைத் தொடும்படி தவிலை ஏற்றினால் உண்மையான உச்சம் பத்து டெசிபலுக்கும் மேலே நிற்கும். தவில், உடுக்கை, கைத்தாளம் எல்லாவற்றுக்கும் முள் −10க்கும் −7க்கும் நடுவில் ஆடினால் போதும்.

1176 நகல்களில் இன்னொரு குழப்பம். பில் புட்னம் 1967இல் கொண்டுவந்த அந்தக் கம்ப்ரசரில் திரெஷோல்டு, அதாவது எந்த அளவுக்கு மேல் அமுக்க வேண்டும் என்று வைக்கும், குமிழே கிடையாது. அது உள்ளே நிலையாக இருக்கும். இன்புட் குமிழைத் திருப்பித்தான் ஒலியை அதன் மேல் மோத விட வேண்டும். "திரெஷோல்டு எங்கே?" என்று தேடிவிட்டுப் பிளகின் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டியவர்களை எனக்குத் தெரியும். இன்புட்டை ஏற்றுங்கள், முள் ஆடும், அவுட்புட்டை அதே அளவு இறக்குங்கள்.

பாட்டு நின்ற பிறகும் அடியில் ஓர் உறுமல்

இதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் கொடுத்துப் படியுங்கள். நம் ஊரில் இது இரண்டு வழியில் வரும்.

பழைய பெட்டிகள் மின்சாரத்தில் ஓடின. அந்த மின்சாரத்தின் உறுமலையும் நகலெடுத்தவர்கள் சேர்த்தே எடுத்திருக்கிறார்கள், உண்மைத்தன்மைக்காக. வேவ்ஸ் நிறுவனத்தின் 1176 நகலான சிஎல்ஏ-76 பிளகினில் அனலாக் என்ற ஒரு சுவிட்ச் இருக்கும். 50, 60, ஆஃப் என்று மூன்று நிலை. 60 அமெரிக்காவின் மின்சாரம். 50 நம்முடையது, இந்தியாவினுடையதும். தென்னாப்பிரிக்காவில் எந்தச் சுவரிலும் 60 ஹெர்ட்ஸ் வராது. அதனால் உறுமல் எது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

அதற்குக் கருவி வேண்டாம், ஹார்மோனியம் போதும். உறுமலைக் கேட்டுக்கொண்டே மேல் ஸ்தாயியில் கட்டைகளைத் தொட்டுப் பாருங்கள். ஐந்து கட்டைக்கு ஒரு துளி மேலே பொருந்தினால் அது 50 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டை ஸட்ஜத்தின் அனுமந்திரம், அதாவது இரண்டு ஸ்தாயி கீழே, 49. ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நடுவில் எதிலும் உட்காராமல் நின்றால் அது 60. அறுபது என்றால் சந்தேகமே வேண்டாம், குற்றவாளி பிளகின்தான். ஒவ்வொன்றாகத் திறந்து அனலாக், ஹம், நாய்ஸ் என்று எழுதியிருக்கும் சுவிட்சை அணையுங்கள்.

ஐம்பது என்றால் இரண்டு சந்தேகம். பிளகினில் 50 வைத்திருக்கலாம், அல்லது உண்மையான மின்சாரமே பதிவில் ஏறியிருக்கலாம். பைபாஸ் செய்தும் இருந்தால் பின்னது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மடிக்கணினியை பேட்டரியில் ஓட்டி மறுபடி ஒரு வரி பதிவு செய்து பாருங்கள். உறுமல் போய்விட்டால் சார்ஜர் வழியாகத் தரைச் சுற்று, அதாவது எர்த் கம்பிகள் வழியே மின்சாரம் வட்டமிடுவது, உண்டாகிறது என்று பொருள். இதற்காக நம் பெரிய மூன்று உருண்டைக் கால் பிளக்கின் பெரிய காலை, அதாவது எர்த் காலை, வெட்டுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கோயில் மண்டபத்தில் ஈரக் காலோடு மைக்கைப் பிடிக்கிறவர்கள் நிற்கும் இடம் அது.

2023இல் லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்த நாட்களில் எனக்கு மூன்றாவது ஒரு வகையும் வந்தது. உறுமல் இல்லை, வண்டு ரீங்காரம் போல உயரமான ஒன்று. மலிவான இன்வர்ட்டர் தரும் மின்சாரம் வளைந்து வளைந்து வராமல் படி படியாக வரும். அந்தப் படிகள் 50இன் மடங்குகளாக மேலே மேலே ஏறிக் குரலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும். இரண்டு நாள் பிளகினைத் திட்டிக்கொண்டிருந்தேன். இன்வர்ட்டரை அணைத்ததும் நின்றது. சுத்தமான சைன் அலை தரும் இன்வர்ட்டர் வாங்குங்கள். முடியாதென்றால் மின்வெட்டு நேரத்தில் பேட்டரியில் மட்டும் பதிவு செய்யுங்கள்.

பிளகின் உறுமல் ஒரு தடத்தில் காதில் விழாது. பதினாறு தடத்திலும் அதே பிளகினைப் போட்டால்தான் தெரியும். டேப் இரைச்சல் தடத்துக்குத் தடம் வேறாக ஓடுவதால் தடம் இரட்டிக்கும்போது 3 டெசிபல் ஏறும். பதினாறு தடத்துக்கு 12. உறுமல் எல்லாத் தடத்திலும் ஒரே கதியில் ஓடினால் இரட்டிக்கும்போது 6 ஏறும், பதினாறுக்கு 24. −80இல் யாருக்கும் கேட்காமல் கிடந்தது −56இல் வந்து நிற்கும். ஐந்து கட்டையில் பாடுகிறவரின் மந்திர ஸட்ஜம் 98 ஹெர்ட்ஸ். உறுமலின் இரண்டாம் மடங்கு 100. இரண்டும் உரசி வினாடிக்கு இரண்டு தடவை "வாவ், வாவ்" என்று அலை எழும்பும். தம்புராதான் சரியில்லை என்று அதைத் திட்டுவோம், பாவம்.

தம்புரா ஆடுகிறது, ஸ்ருதி நிற்கவில்லை

டேப் பிளகின் போட்டிருக்கிறீர்களா? அதுதான். டேப் இயந்திரத்தில் சுருள் சுற்றும் வேகம் லேசாக ஏறி இறங்கும். மெதுவாக ஏறி இறங்குவது வாவ், படபடப்பது ஃப்ளட்டர். நல்ல ஸ்டூடியோ இயந்திரத்தில் இது மிகச் சிறியது. கணக்கு இதுதான்: வேகம் 0.06 விழுக்காடு மாறினால் ஸ்ருதி ஒரு சென்ட் மாறும்; ஒரு அரைக்கட்டைக்கு நூறு சென்ட். ஒரு சென்ட்டை யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் பிளகின்களில் இதற்கு ஒரு குமிழ் வைத்து, பழைய கேசட் போல ஆடும்வரை திருப்பலாம் என்று விட்டிருக்கிறார்கள். முன்பே அமைத்துத் தரும் பல ப்ரீசெட்டுகளில் அது பாதி திரும்பியே வருகிறது.

மேற்கத்தியப் பாட்டில் கிதார் வந்து வந்து போவதால் இது இனிமையாகக் கேட்கும். நம்மிடம் தம்புரா ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரே ஸ்வரத்தில் நிற்கிறது. அதில் ஆட்டம் தப்பவே தப்பாது. இன்னும் மோசம், தம்புராவுக்கு ஒரு டேப் பிளகின், குரலுக்கு இன்னொன்று என்று தனித்தனியாகப் போட்டால் இரண்டும் வெவ்வேறு திசையில் ஆடும். பாடுகிறவர் ஸ்ருதியோடு சரியாகத்தான் பாடியிருப்பார்; நாம் அவரைக் கலைத்து விடுகிறோம்.

வாவ், ஃப்ளட்டர் இரண்டையும் பூஜ்யம் செய்யுங்கள். கொஞ்சமாவது வேண்டும் என்றால் டேப் பிளகினைத் தடங்களில் போடாமல் எல்லாம் கலந்து வரும் மாஸ்டரில் ஒன்றே ஒன்று போடுங்கள். அசல் ஸ்டூடியோவிலும் கடைசியில் ஒரே இயந்திரத்தில்தான் போய்ச் சேர்ந்தது. எல்லாம் சேர்ந்து ஆடினால் உறவு கெடாது. இலவசமாக முயன்று பார்க்க ஜதின் சௌத்ரியின் சௌ டேப் மாடல் இருக்கிறது. அதில் ஆட்டத்துக்கென்று தனிப் பகுதி இருப்பதால் அதை மட்டும் அணைத்துவிடலாம்.

டேப் வேகம் பற்றி ஒரு வரி. வினாடிக்கு 15 அங்குல வேகத்தில் அடி ஸ்வரம் கொஞ்சம் புடைத்து மேல்பகுதி மெத்தென்று வரும். 30இல் மேல்பகுதி தெளியும், இரைச்சல் குறையும், புடைப்பு மேலே நகரும். பஜனைக்கு எனக்கு 15தான்.

நாகஸ்வரத்தில் மட்டும் கண்ணாடியில் ஆணி கீறுவது போல ஒரு சத்தம்

ஆயிரம் தரம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள், இது ரீடின் குறை அல்ல.

சாச்சுரேஷன் என்றால் இல்லாத மேல்மடங்குகளைப் புதிதாக உண்டாக்குவது. வால்வு பெட்டியில் 8,000 ஹெர்ட்ஸ் நுழைந்தால் 24,000, 40,000 என்று மடங்குகள் பிறக்கும். நமக்கு 20,000க்கு மேல் கேட்காது. அவை காற்றோடு போய்விடும். கணினியில் அப்படிப் போக வழியில்லை. வினாடிக்கு 44,100 தடவை ஒலியை அளக்கும் சாம்பிள் ரேட்டில் அதன் பாதிக்கு, 22,050க்கு, மேல் எதுவும் இருக்க முடியாது. அதைத் தாண்டியது சுவரில் பட்ட பந்து போலத் திரும்பி வரும். 24,000 திரும்பி 20,100 ஆகும். 40,000 திரும்பி 4,100இல் வந்து விழும். 8,000க்கும் 4,100க்கும் எந்த ராகத்திலும் உறவு கிடையாது. காது மிகக் கூர்மையாக இருக்கும் இடத்தில் அபஸ்வரம். இதற்கு ஏலியாசிங் என்று பெயர்.

குரலில் மேல்மடங்குகள் சீக்கிரம் மங்கிவிடுவதால் அவ்வளவாகத் தெரியாது. நாகஸ்வரம் அப்படியா? மேல்மடங்குகளாலேயே கட்டப்பட்ட வாத்தியம் அது. கோயில் கோபுரத்துக்கு வெளியே கேட்க வேண்டும் என்று செய்ததை நாலடி தூரத்தில் மைக் வைத்துப் பிடித்து, அதன் மேல் சாச்சுரேஷனையும் போட்டால் மேலே போன அத்தனையும் மடங்கிக் கீழே கொட்டும். தாரஸ்தாயியில் கமகம் எடுக்கும்போது ஒன்று கவனியுங்கள்: ஸ்வரம் மேலே ஏறும், அந்தக் கீறல் கீழே இறங்கும். எதிர்த்திசையில் நகர்ந்தால் அது ஏலியாசிங்கேதான். உறுதிப்படுத்த, 1,000இலிருந்து 20,000 வரை ஏறும் ஒற்றைச் சைன் ஒலியைப் பிளகினுக்குள் விட்டுக் கேளுங்கள். ஏறும் ஒலியோடு இறங்கும் ஒன்றும் கேட்டால் தீர்ந்தது விஷயம்.

பிளகினிலேயே ஓவர்சாம்ப்ளிங், அதாவது உள்ளுக்குள் சாம்பிள் ரேட்டைப் பெருக்கும் வசதி, என்று இருந்தால் 4 மடங்கு வையுங்கள். கூரை 88,200க்குப் போய்விடும், 40,000 எங்கும் முட்டாது. பிளகினில் இல்லாவிட்டாலும் ரீப்பர் போன்ற மென்பொருளில் வெளியிலிருந்தே எந்தப் பிளகினுக்கும் ஓவர்சாம்ப்ளிங் கொடுக்கலாம். மடிக்கணினி திணறினால் வேலை செய்யும்போது அணைத்து வைத்து, இறுதியில் ரெண்டர் செய்யும்போது, அதாவது முடிந்த பாட்டைக் கோப்பாக எழுதும்போது, மட்டும் போடுங்கள். இவ்வளவும் செய்து பார்த்தபின் என் சொந்த முடிவு வேறு: நாகஸ்வரத்துக்குச் சாச்சுரேஷனே வேண்டாம். அதற்கு இருக்கும் சூடு போதாதா?

தவிலுக்குக் கம்ப்ரசர் போட்டேன், அடியே காணோம்

1176 நகலில், எவ்வளவு வேகமாக அமுக்கத் தொடங்கும் என்று வைக்கும் அட்டாக் குமிழை இடப்பக்கம் திருப்பினால் வேகம், வலப்பக்கம் திருப்பினால் மெதுவு என்றுதான் யாரும் நினைப்போம். இந்தப் பெட்டியில் தலைகீழ். 1 என்பது மிக மெதுவு, 7 என்பது மிக வேகம், அமுக்கியதை விடும் ரிலீசும் அப்படியே. முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள்.

திருப்பியும் போதவில்லையா? போதாது. இந்தப் பெட்டியின் மிக மெதுவான அட்டாக்கே 800 மைக்ரோவினாடி, அதாவது ஒரு மில்லிவினாடிகூட இல்லை. தவிலில் குச்சி தோலில் படும் அந்த முதல் கணத்தை அது விடவே விடாது. அடி வெளியே வர வேண்டும் என்றால் எஸ்எஸ்எல் ஒலிக்கலவை மேசையின் பஸ் கம்ப்ரசர் நகல் எதையாவது எடுத்து அட்டாக்கை 10 அல்லது 30 மில்லிவினாடியில் வையுங்கள், அமுக்கும் விகிதமான ரேஷியோ 4. 1176ஐ விட மனமில்லை என்றால் மிக்ஸ் குமிழில் அமுக்கியதையும் அமுக்காததையும் பாதி பாதி கலந்துகொள்ளுங்கள். மிக்ஸ் குமிழ் அசலில் இல்லாதது; நகல் அசலை மிஞ்சிய ஒரு சில இடங்களில் அதுவும் ஒன்று.

குரலுக்கு எல்ஏ-2ஏ என்ற கம்ப்ரசரைப் போடும்போது இந்தக் கவலையே கிடையாது. உள்ளே ஒளிரும் தகடும் வெளிச்சத்தைப் பார்த்து மாறும் மின்தடையும்தான். அட்டாக் சுமார் 10 மில்லிவினாடி, விடுவதோ முதல் பாதி சட்டென்று, மிச்சப் பாதி சில வினாடி எடுத்துக்கொண்டு. இரண்டு குமிழ். பஜனை பாடும் குரலுக்கு இதைவிட நல்லது நான் கண்டதில்லை.

இரண்டு தடம் சேர்த்தால் மிருதங்கத்தின் தொப்பி மெலிந்துவிடுகிறது

பதப்படுத்தாத தடம் ஒன்று, அதன் நகலில் பிளகின் போட்டது ஒன்று என்று சேர்த்துக் கலக்கும்போது வரும் கோளாறு. பிளகின் ஒலியை ஒரு மில்லிவினாடி தாமதித்தால்கூட 500 ஹெர்ட்சில் இரண்டும் எதிரெதிராக மோதி அங்கே ஒரு குழி விழும்; அதற்கு மேலும் சீப்புப் பல் போல வரிசையாகக் குழிகள். மென்பொருளில் தாமத ஈடு (டிலே காம்பன்சேஷன்) ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடியும் குழி விழுந்தால் அலைவரிசைகளை ஏற்றி இறக்கும் பிளகின் ஈக்வலைசரின் கட்ட (ஃபேஸ்) மாற்றம் காரணம். அப்போது இரண்டையும் கலப்பதை விட்டுவிட்டுப் பிளகின் போட்ட தடத்தை மட்டும் பயன்படுத்துங்கள்.

பல்டெக் என்ற பழைய ஈக்வலைசரின் நகலில் ஏற்றும் பூஸ்ட், இறக்கும் அட்டன் இரண்டையும் ஒரே அளவு திருப்பி "ரத்தாகவில்லையே, பிளகின் பிழை" என்று எண்ண வேண்டாம். அசலிலும் ரத்தாகாது. இரண்டு வளைவும் ஒரே இடத்தில் விழுவதில்லை. அடியில் புடைத்து அதற்குச் சற்று மேலே பள்ளம் விழும். தொப்பிப் பக்கம் கும்மென்று வந்து, கொழகொழப்பு மட்டும் போக இதைவிட வேறு வழி தேட வேண்டியதில்லை. குமிழில் சி.பி.எஸ். என்றிருப்பது ஹெர்ட்ஸ்; கே.சி.எஸ். என்றிருப்பது கிலோஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ் என்ற பெயர் புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய பெட்டி.

பாடும்போது ஹெட்ஃபோனில் குரல் பின்னால் வருகிறது

கணினி ஒலியைச் சேர்த்து வைத்துக் கையாளும் துண்டான பஃபர் 1024 சாம்பிள் என்றால் 44,100இல் 23 மில்லிவினாடி. 128க்கு இறக்கினால் 2.9. அதன் மேல் ஓவர்சாம்ப்ளிங் போட்ட பிளகின்கள் தங்கள் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். பதிவின்போது அவற்றை எல்லாம் அணையுங்கள். பாடுகிற ஆன்ட்டிக்கு ஹெட்ஃபோனில் கொஞ்சம் எதிரொலி இருந்தால் போதும், ஃபேர்சைல்ட் தேவையில்லை.

பாட்டு முடிந்து நிசப்தம் வந்ததும் மடிக்கணினி திணறுகிறது

வேலையே இல்லாதபோது மூச்சு வாங்குவதால் இது விசித்திரமாகத் தோன்றும். எதிரொலி மங்கி மங்கி பூஜ்யத்துக்கு மிக அருகில் போகும்போது எண்கள் அணுவிலும் சிறியதாகிவிடும். அந்த நுண்ணெண்களைக் கணக்கிடச் சில செயலிகளுக்குப் பல மடங்கு நேரம் பிடிக்கும். பழைய பிளகின்களில்தான் அதிகம். புதிய பதிப்பு இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் அந்தத் தடத்தில் காதுக்கே எட்டாத மெல்லிய இரைச்சலைக் கலந்துவிடுங்கள், எண் சிறுக்காது. இங்கே மட்டும் அந்த அனலாக் இரைச்சல் சுவிட்ச் உண்மையாகவே உதவும்.

ஒரே பாட்டை இரண்டு தடவை ரெண்டர் செய்தால் இரண்டும் ஒன்றாக இல்லை

கோளாறு அல்ல. இரைச்சலும் ஆட்டமும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கின்றன. ஒன்றைத் தலைகீழாக்கி மற்றதோடு சேர்த்தால் மிஞ்சுவது அவை மட்டும் என்றால் நிம்மதியாகத் தூங்கலாம்.

இம்பல்ஸ் கோப்பு வாங்கினேன், எதிரொலி அருமை, கம்ப்ரசர் மட்டும் செத்துக் கிடக்கிறது

இம்பல்ஸ் என்பது ஒரு பெட்டியின் ஒரே ஒரு கணத்தைப் பிடித்த புகைப்படம். இஎம்டி தகட்டில் மெதுவாகத் தட்டினாலும் பலமாகத் தட்டினாலும் அது ஒரே விதமாக அதிரும், புகைப்படம் போதும். கம்ப்ரசரின் வேலையே சத்தத்துக்குத் தக்க மாறுவது. அதை ஒரு படத்தில் பிடிக்க முடியாது. காசு போனது போனதுதான். கம்ப்ரசருக்குச் சுற்றையே கணக்காக எழுதிய பிளகினைத் தேடுங்கள்.

நேற்று திறந்த பாட்டு இன்று திறக்கவில்லை, உரிமம் இல்லை என்கிறது

ஆடிக் கூழுக்கு முந்தின நாள் மாலை. மின்சாரம் இல்லை, அதனால் வைஃபையும் இல்லை. மடிக்கணினியில் பேட்டரி இருந்தது. பாட்டைத் திறந்தேன், பெயர் வேண்டாம், ஒரு நிறுவனத்தின் ஏழு பிளகினும் இணையத்தில் வந்து உரிமத்தைக் காட்டு என்று வாசலில் நின்றுவிட்டன. கைப்பேசி டேட்டாவைத் திறந்து, வாசற்படிக்கும் துளசி மாடத்துக்கும் நடுவில் சிக்னல் தேடி, பக்கத்து வீட்டு அங்கிள் "யாரைத் தேடுறே?" என்று கேட்க, ஒருவழியாக இரவு ஒன்பதரைக்கு முடித்தேன்.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம். ஒவ்வொரு தடமும் முடிந்ததும் பிளகின் விளைவோடு அதைத் தனி ஒலிக்கோப்பாக எழுதி வைத்துவிடுவேன். பிளகின் இல்லாமலும் ஒரு கோப்பு. ஐந்து வருடம் கழித்து அந்தப் பிளகின் புதிய கணினியில் ஓடாமல் போனாலும் பாட்டு இருக்கும். இரண்டாவது, உரிமம் கேட்காத இலவசப் பிளகின்களில் ஒன்றிரண்டை நன்றாகப் பழகி வைத்திருக்கிறேன். அனலாக் அப்செஷன் தருபவையும் ஏர்விண்டோஸ் தருபவையும் போதும். ஏர்விண்டோஸில் படமே இருக்காது, வெறும் பட்டைகள். முள்ளும் வால்வு வெளிச்சமும் இல்லாததால் காது கொஞ்சம் நேர்மையாக வேலை செய்கிறது.

கம்ப்ரசர் போட்டபின் பின்னணியில் பறவை, நாய், வண்டி எல்லாம் கேட்கிறது

கேட்கத்தான் செய்யும். உரத்த இடத்தைப் பத்து டெசிபல் அமுக்கி, மொத்தத்தையும் பத்து ஏற்றினால் பாடாத இடைவெளியில் இருக்கும் எல்லாமே பத்து டெசிபல் மேலே வந்துவிடும். நம் ஊரில் அது பெரும்பாலும் ஹடீடா என்ற பறவை. விடியலிலும் பொழுது சாயும்போதும் கூரைமேல் வந்து அவை கத்தும் கத்தலை எந்த வடிகட்டியாலும் எடுக்க முடியாது; குரலின் அலைவரிசைக்குள்ளேயே கத்துகின்றன. அமுக்குவதை நான்கு, ஐந்து டெசிபலோடு நிறுத்துங்கள். பாடாத இடங்களைக் கம்ப்ரசருக்கு முன்னால் கையாலேயே வெட்டுங்கள், ஓரங்களை மங்க விட்டு. மெல்லிய சத்தத்தைத் தானே மூடிவிடும் கேட் பிளகின் போட்டால் மூச்சு பாதியில் அறுந்து அசிங்கமாக இருக்கும். பதிவை பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் வைத்துக்கொண்டால் ஹடீடா குறையும்; தகரக் கூரையில் குரங்கு ஓடுவது குறையாது.

போன ஈஸ்டர் பாட்டில் மூன்றாம் சரணம் முடியும் இடத்தில் ஒரு ஹடீடா தப்பி விட்டது. பாடிய ஆன்ட்டிக்கு அதைப் போட்டுக் காட்டி மன்னிப்புக் கேட்கலாம் என்று கூப்பிட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். "தம்பி, அந்தக் கடைசியில வர கொம்பு யாரு ஊதினது? ஸ்ருதியோட சேர்ந்துதான் இருக்கு" என்றார். ஹார்மோனியத்தில் தொட்டுப் பார்த்தேன். ஐந்து கட்டைக்குக் கிட்டத்தில்தான் இருந்தது.